ஹைஃபா மாஸ்டரின் மன்னிப்பு நாள்

இலங்கையின் ஊவா மாகாணம் முழுவதிலும் யூதர்களின் புத்தாண்டைக் கொண்டாடிய ஒரே மனிதர் ஹைஃபா மாஸ்டர்தான். மறுப்பவர்கள் என்னோடு வாதாட வரலாம். எனக்கு வேறு வேலையில்லை. இத்தனைக்கும் அவர் யூதர் அல்லர், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்துக் குமாஸ்தாவாகப் பாலஸ்தீனத்து ஹைஃபா துறைமுகத்துக்குப் போய், ஒரு யூத ரொட்டிக்கடைக்காரரின் வீட்டு மாடியில் குடியிருந்தவர். திரும்பும்போது, யூதர்கள் புத்தாண்டுக்கு ஊதும் ஓர் ஆட்டுக்கடாக் கொம்பும் கொண்டுவந்தார்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். தடுப்பில்லாத ஒரே மண்டபம். ஒரு முனையில் நான் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பேன். மறுமுனையில் அவர் உலகத்தையே சொல்லிக்கொடுப்பார். தீபாவளி, வெசாக், பெருநாள் எல்லாம் முடித்து யூதர்களிடம் வந்து சேர்ந்தார்.

"பிள்ளையள், புது வருசத்துக்கு அவை ஆப்பிளைத் தேனிலை தோய்ச்சுச் சாப்பிடுவினம், வருசம் இனிக்கட்டுமெண்டு."

பசறையில் ஆப்பிளுக்கு எங்கே போவது? தேனுக்குப் பதிலாகக் கித்துள் பனையின் பாணியை அவர் வாங்கினார். கொய்யாப்பழத்தைப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. அடுத்து, செய்த பாவங்களை நினைத்து ரொட்டித் துண்டுகளை ஓடும் தண்ணீரில் போடவேண்டுமாம். ஓடைக்கு அழைத்துப் போனார். ஒரு துண்டுகூடத் தண்ணீரைத் தொடவில்லை. பாவம் அத்தனையும் வயிற்றுக்குள் போயிற்று. அப்புறம், மன்னிப்பு நாள் என்று ஒன்று வரும், அன்று முழுக்கச் சாப்பிடாமல் உபவாசம் இருப்பார்கள் என்று ஆரம்பித்தார்.

"அது எங்களுக்கே தெரியும் சேர்!" என்று வகுப்பே கத்தியது.

அதோடு விட்டாரா மனிதர்? விடியுமுன் எழுந்து கொம்பை ஊதினார். காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூட்டி வேலை பிரிக்க எங்கள் தோட்டத்திலும் கொம்புதான். லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் கம்பளியும் கூடையுமாகக் கும்மிருட்டில் வந்து நின்றது. தூக்கம் கலைந்த பெரிய கங்காணி, "இந்த வாத்தி இன்னொரு வம்பு பண்ணட்டும், பெட்டி படுக்கையோட அனுப்பிர்றேன்" என்றார். அவர் சொன்னால் துரை கேட்பார். துரை சொன்னால் பள்ளிக்கூடமும் கேட்கும்.

மாஸ்டருக்கு அதெல்லாம் காதில் ஏறினால்தானே! மறுநாளே பாடம் நடத்தினார்.

"கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனுசருக்குச் செய்த பிழைக்கு அந்த மனுசரிட்டையே போய்க் கேக்கவேணும். அதிலை பெரியவை, சின்னவை இல்லை. விளங்குதோ?"

விளங்கித் தொலைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நேராகக் கங்காணி வீட்டுக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, ஒங்க கொய்யாப்பழத்தத் திருடுனது நாங்கதாங்க. மன்னிச்சிருங்க."

கங்காணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "சரி சரி, பொழைச்சுப் போங்க" என்றார். யாரும் நகரவில்லை.

"இன்னும் என்னடா?"

முன்னால் நின்ற செல்லாயி சொன்னாள்: "இப்ப ஒங்க மொறைங்க ஐயா. எங்கப்பாவ பெரட்டுல வச்சு அறைஞ்சீங்களே."

அன்றிரவே துரையின் உத்தரவு வந்தது. மாஸ்டர் பெரட்டில் எல்லார் முன்னாலும் கங்காணியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டுப் போகவேண்டும். "ஒரு வார்த்தைதானே மாஸ்டர், சொல்லிட்டு வந்துருங்க" என்று கெஞ்சினேன். போனார். சொன்னார்.

"ஐயா, கொம்பூதி உங்கடை நித்திரையைக் குழப்பினது என்ரை பிழை. மன்னிக்கவேணும்."

"அப்புறம்?"

"பிறகொண்டுமில்லை. மிச்சம் உங்கடை முறை."

லுணுகலைப் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்துக்குத் தூக்கியடித்தார்கள். புறப்படும் நாளன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் குந்தி உட்கார்ந்தார். அடித்தது, திட்டியது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துச் சொன்னார். "ஒருநாள் உன்ரை காதைத் திருகினனான். மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்று செல்லாயியிடமும் கேட்டார்.

"மன்னிக்க மாட்டேன் சேர்."

"ஏன்?"

"மன்னிச்சா நீங்க போயிருவீங்க."

மாஸ்டர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு என் பக்கம் திரும்பி, இத்தனை காலமும் கத்திக் கத்தி என் வகுப்பைக் குழப்பியதற்கு மன்னிக்கச் சொன்னார். செல்லாயி சொன்னதையே நானும் சொன்னேன். கங்காணி அவரை எப்போதோ மறந்திருப்பார். நானும் செல்லாயியும் இன்னும் மன்னிக்கவில்லை.