நெத்திலி ஒட்டிய டிரங்குப் பெட்டி

புது மாப்பிள்ளையிடம் யாரும் ‘நீங்கள் செய்வது தப்பு’ என்று சொல்ல மாட்டார்கள். இதைவிட ஆபத்தான மரியாதை உலகத்தில் கிடையாது. எப்படி அவ்வளவு பெரிய முட்டாள் ஆனாய் என்று என்னைக் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நான் பாதிதான் ஆனேன், மீதியை மாமனார் வீட்டு மரியாதை பார்த்துக்கொண்டது.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தை அடுத்த டோல்கேட் பக்கத்தில் என் மாமனாருக்கு டிரங்குப் பெட்டிப் பட்டறை. கல்யாணமான கையோடு என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். வேலை ஒன்றும் கொடுக்கவில்லை (மாப்பிள்ளைக்கு வேலை கொடுப்பதாவது!). நாற்காலி கொடுத்தார். உட்கார்ந்தால் காபி வரும். எழுந்தால், ‘ஏன் எழுந்துட்டீங்க?’ என்று மறுபடியும் காபி வரும்.

அந்த வைகாசியில் யானைக்கவுனிக் கடைக்காரர் ஒருவர் முகூர்த்தத்துக்கு முன்னால் வேண்டும் என்று பெரிய ஆர்டர் கொடுத்தார். தகடு வெட்டுகிறவர் பறந்தார். மடித்து ஆணி அடிக்கிறவர்கள் பறந்தார்கள். ஆனால் பெட்டிகள் மட்டும் பட்டறையை விட்டு நகரவில்லை. பெயிண்டர் ஏகாம்பரத்தின் முன்னால் கூரை வரைக்கும் குவிந்து நின்றன. “இது தவறினா அந்தக் கடை வாசலையே நான் மறந்துட வேண்டியதுதான்” என்று மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியில் இருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. நான் யார் என்று காட்ட இதைவிட நல்ல நேரம் வருமா?

நாற்காலியை ஏகாம்பரத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக் கண்கொட்டாமல் பார்த்தேன். அவர் சோம்பேறி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கை என்னவோ வேகமாகத்தான் ஓடியது. ஆனால் ஒரு வரிசை அடித்து முடித்ததும் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“ஏம்ப்பா ஏகாம்பரம், நின்னுட்டே?”

“அடிச்ச பொட்டி காயணும் மாப்ள சார். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஒட்டிக்கும். அடுத்ததை எங்க வெக்கிறது, என் தலை மேலயா?”

ஆகா! சிக்கல் பெயிண்ட் அடிப்பதில் இல்லை, காய்வதில் இருக்கிறது. இன்னொரு பெயிண்டரைப் போட்டால் அவரும் பிரஷ்ஷோடு நிற்பார், அவ்வளவுதான். (இதுவரைக்கும் நான் கண்டுபிடித்தது சரி. தயவுசெய்து இந்த இடத்திலேயே என்னைப் பாராட்டிவிடுங்கள். இனி வாய்ப்பு வராது.)

“மாமா, கூப்பிடு தூரத்தில கடற்கரை. வெயிலும் காத்தும் சும்மா கிடைக்குது. பெட்டிகளை அங்க காயப் போட்டுடலாம்” என்றேன்.

மாமனாரின் வாய் திறந்தது. மூடியது. “மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார், பல்வலிக்காரர் மாதிரி.

பச்சைப் பெயிண்ட் சொட்டச் சொட்டக் கைவண்டியில் கொண்டுபோய் மணலில் வரிசையாக அடுக்கினோம். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் மீனவப் பெண்கள் நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். பார், இவர்களுக்கும் என் மூளை இருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன். காலை முழுக்க ஒரு இலை அசையவில்லை, பெயிண்டும் பிசுபிசுப்பு விடவில்லை.

மதியம் கடற்காற்று கிளம்பியது. கிளம்பியதா, அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி பாய்ந்து வந்தது. முதலில் மணல். பிறகு நெத்திலி. சருகாய்க் காய்ந்திருந்த மீன் அத்தனையும் எழும்பி வந்து என் பெட்டிகளில் அப்பிக்கொண்டது. ஐயோ, அதைப் பார்த்த காக்காய்கள்! ராயபுரத்துக் காக்காய் மொத்தமும் அங்கே வந்து இறங்கி டொக்கு டொக்கென்று பெட்டியைக் கொத்தின. எங்கள் பட்டறையில்கூட அவ்வளவு மும்முரமாக வேலை நடந்ததில்லை.

நான் துண்டை வீசிக் காக்காய் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கன்னியம்மா என்ற மீன்காரப் பெண்மணி கூடையோடு வந்து ஒரு பெட்டி மேல் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். (பெயிண்ட் ஈரம் என்று சொல்ல வாயெடுத்தேன். பயத்தில் விழுங்கிவிட்டேன்.)

“இன்னா நைனா, எங்க மீனை எல்லாம் உன் பொட்டில ஒட்டிக்கினு கீறே?”

“நான் எங்கேம்மா ஒட்டினேன்? காத்துதான்...”

“காத்து பஞ்சாயத்துக்கு வருமா? மீன் எங்க கீதோ அது எங்க சொத்து. பொட்டி மேல கீது. பொட்டியத் தூக்குங்கடி!”

“வேணும்னா மீனைப் பிச்சு எடுத்துக்குங்க!”

“பேஜாரு பண்ணாத நைனா. பெயிண்ட் அடிச்ச மீனை எவ வாங்குவா?”

நியாயம் அவள் பக்கம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. சீர்வரிசை போல, பெண்கள் தலையில் பெட்டிகள் குப்பத்தை நோக்கிப் போயின. பின்னாலேயே காக்காய்களும் போயின. செய்தி கேட்டு ஓடி வந்த மாமனார் பெட்டிகளைப் பார்த்தார், காக்காய்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“டேய்!” என்றார்.

அதோடு என் மாப்பிள்ளை மரியாதை தீர்ந்தது. யானைக்கவுனி ஆர்டர் போயே போய்விட்டது. மறுநாள் நாற்காலி இல்லை, காபி இல்லை, கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டார்கள். கடைசிவரைக்கும் மாமனார் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடவேயில்லை. அது எனக்கு வலித்தது, மறைப்பானேன்.

கன்னியம்மா உட்கார்ந்த பெட்டியை மட்டும் அவளே திருப்பி அனுப்பினாள், வீணான புடவைக்கு ஈடாக வேறு புடவை கேட்டு. அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

பல வருஷம் கழித்து என் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை விருந்துக்கு வந்தார். காபி குடித்தார். தொண்டையைச் செருமினார். “மாமா, நம்ம பட்டறைக்கு எனக்கு ஒரு சின்ன யோசனை தோணுது” என்றார்.

என் வாய் திறந்தது. மூடியது. “சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன்.

என் மனைவி உள்ளே போய் அந்தப் பச்சைப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்துத் திறந்தாள்.

“முதல்ல இதை மோந்து பாருங்க மாப்பிள்ளை.”

மோந்து பார்த்தார். அந்த யோசனை என்னவென்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.