மஞ்சள் கொடி ஏறாத காலை

கண் விழித்ததுமே ஹெய்சுகே முடிவெடுத்துவிட்டார். இன்று வாசலில் மஞ்சள் கொடி பறக்கக் கூடாது.

கொரோனா வந்து வயசானவர்களை வீட்டோடு முடக்கியதிலிருந்து அந்தத் தெருவில் இதுதான் ஏற்பாடு. காலையில் கொடி தெரிந்தால் வீட்டில் எல்லாரும் சுகம். எட்டு மணிக்கும் தெரியாவிட்டால் தெரு உதவிக்குழுவிலிருந்து யாசோகிச்சி வந்து கதவைத் தட்டுவார்.

அந்தத் தட்டலுக்குத்தான் ஹெய்சுகே ஏங்கினார். பதினோரு வருஷமாக யாசோகிச்சியிடம் 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் தோற்றவர். ஊர் அடைபட்ட அன்றுதான் ஜெயிக்கிற மாதிரி இருந்தார். பாதியில் நின்ற ஆட்டம் மூன்று மாதமாக ஜன்னலோரப் பலகையில் கிடக்கிறது, கறுப்புக் காயும் வெள்ளைக் காயுமாக. ஆள் வந்தால் போதும், ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப்புறம் இருந்தே முடித்துவிடலாம்.

கொடியைத் தலையணைக்கடியில் திணித்துப் படுத்துக்கொண்டார். கடல் பனியில் தெரு மிதந்தது. அரைத்தூக்கத்தில் கறுப்புக் காய்கள் படகுகளாகி அவரை வெற்றிக்கரைக்குக் கொண்டுபோயின.

"ஏங்க, கொடியப் பாத்தீங்களா?" மனைவி ஃபுசாயே கேட்டாள்.

"காத்துல போயிருக்கும்."

"காத்தே இல்லையே."

"அப்ப பனியில கரைஞ்சிருக்கும்."

அவள் மேலே கேட்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

எட்டரை ஆயிற்று. தட்டலைக் காணோம். ஜன்னலைத் திறந்தார். வாசல் மூங்கிலில் அவருடைய மஞ்சள் கம்பளி உள்கால்சட்டை, இரண்டு காலையும் விரித்துப் பனியில் கனவு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே முகக்கவசத்தோடு யாசோகிச்சி, நோட்டில் 'சுகம்' என்று குறித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது? மானமே போச்சு."

"நாம நல்லாருக்கோம்னு தெரியணும்ல. கொடி தலகாணிக்கடியில தூங்குது, எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்."

ஹெய்சுகே தலையை வெளியே நீட்டினார். "யாசோகிச்சி, நம்ம ஆட்டத்த இப்பவே முடிச்சிரலாம்ப்பா."

"அது முடிஞ்சு பத்து நாளாச்சே. மத்தியானம் நலம் விசாரிக்க போன் பண்ணுவேன்ல? நீ தூங்குவ. உன் வீட்டம்மா தினமும் ஒவ்வொரு காயாச் சொல்லுவாங்க. நான் தோத்துட்டேன்யா."

ஹெய்சுகே மெல்லத் திரும்பினார். அடுக்களையில் இப்போது திறந்திருந்த தட்டில், தொடக் கூடாது என்று அவள் இத்தனை நாள் மூடி வைத்திருந்த கறுப்புப் பயறும் வெள்ளைப் பயறும் கட்டம் கட்டி உட்கார்ந்திருந்தன.

"உங்க பக்கந்தாங்க ஆடுனேன்," என்றாள் ஃபுசாயே. "பலகையத் தொட்டா திட்டுவீங்களேன்னு இதுல வச்சு."

பதினோரு வருஷம் அவர் காத்திருந்த வெற்றி, அன்று மத்தியானம் சர்க்கரைப் பாகில் வெந்து தட்டுக்கு வந்தது.