கிடா யோசித்துக்கொண்டிருந்தது

பொறுமையில்லாதவன் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகலாம். ஆட்டிடம் சம்மதம் கேட்கிற வேலைக்கு மட்டும் போகக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டது நான் மட்டுமல்ல என்பதுதான் துக்கம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கொல்லிமலையில் அப்போது செல்போன் டவர் கிடையாது. கம்ப்யூட்டர் பட்டத்தோடு நாமக்கல்லில் சும்மா இருந்த என்னை (சும்மா இருக்கவே தெரியாதவன் என்பார் அம்மா, பாராட்டு அல்ல) ஒரு தொண்டு நிறுவனம் அந்த மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூருக்கு அனுப்பியது. தகவல் மையம் திறக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர், சோலார் பேட்டரி, கூரைமேல் மூங்கிலில் கட்டிய ஆன்டெனா. மொத்த மலையையும் நான்தான் தோளில் தூக்கி அடுத்த நூற்றாண்டில் இறக்கப்போகிறேன் என்று நினைப்பு.

அந்த ஊரில் மிளகு போட்டிருந்த செல்லி அக்கா, மையத்துக்காகத் தன் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். அங்கிருந்த மிளகு மூட்டைகள் படுக்கிற அறைக்குப் போயின. அக்கா மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துத் தூங்கினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதுஞ் சாமி. கீழ மொளகு என்ன வெல போகுதுன்னு தெரியோணும். யாவாரி மேல வந்து சொல்றதுதான் வெலைன்னு ஆயிப்போச்சு. தெரிஞ்சா நிமிந்து பேசுவேனுங்க."

"நாளைக்கே தெரியும் அக்கா," என்றேன். (அந்த வயதில் எனக்கு எல்லாமே நாளைக்கே.)

மறுநாள் திறப்பு விழா. பணம் தருகிறவர்கள் சென்னையிலிருந்து வருகிறார்கள். மையம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால் அது இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். ஒத்திகையில் எல்லாம் கச்சிதம். நான் யோசிக்காமல் விட்டது கிடாவைத்தான்.

அந்த ஊரில் எதைத் தொடங்கினாலும், சாமிக்கு வெட்டப்போகும் கிடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்பார்கள். துலுக்கினால்தான் உத்தரவு, அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது.

தெளித்தார்கள். கிடா நின்றது. மறுபடி தெளித்தார்கள். கழுத்து மாலையை மென்றது. வெயில் ஏறியது.

"ஏனுங்க, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"அவசரப்படுத்தாதீங்க சாமி. அது யோசிக்குது."

"என்னத்தை யோசிக்குது?"

"போர் போட்டப்ப வெட்டுன கெடா ஒடனே துலுக்கிருச்சுங்க. தண்ணின்னா அதுக்குத் தெரியும். இது என்ன ஏதுன்னு தெரியாம எப்படிங்க சம்மதிக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. படித்தவன் அல்லவா? கிடாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இணையத்தின் பயன்களை விளக்கினேன். (ஆம். ஊரே பார்க்க.)

"சார் சொல்றது கெடாவுக்குப் புரியலீங்க," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எனக்கே புரியல, அதைப் போயி சொல்ற," என்றார் இன்னொருவர்.

சொன்னால் புரியாது, காட்டினால் புரியும் என்று பாழாய்ப்போன மூளைக்குத் தோன்றியது. பூசாரி சம்மதிக்க, கிடாவை முன்னறைக்குள் ஓட்டிக் கம்ப்யூட்டரருகே நிறுத்தினோம். உள்ளே என்ன இருக்கிறதென்று ஊருக்குக் காட்டுவதற்காக அதன் மூடியை முந்தைய நாளே கழற்றிவைத்திருந்தேன். திரையில் மிளகு விலைப் பக்கம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கிடா அதைப் பார்த்தது. துலுக்கவில்லை.

வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

பூசாரியின் சொம்பைப் பிடுங்கி, மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் கிடாவின் முதுகில் கவிழ்த்தேன்.

துலுக்கியது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை, அப்படியொரு துலுக்கலை அந்த மலை கண்டதில்லையாம். சுவரெல்லாம் மஞ்சள். திறந்துகிடந்த கம்ப்யூட்டருக்குள் மஞ்சள். 'டப்' என்றது. திரை இருண்டது. புகை வந்தது.

"உத்தரவு கெடச்சிருச்சு!" என்றார் பூசாரி. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் குலவைக்கு நடுவேதான் சென்னைக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

கிடா அவர்களை வரவேற்பது போல இன்னொரு முறை உதறியது.

கறிச்சோறு பிரமாதம் என்றார்கள். செல்லி அக்கா மட்டும் பரிமாறிக்கொண்டே, "கெடா ஒத்துக்கிருச்சுங்க, பொட்டிதான் ஒத்துக்கல. வேற பொட்டி வருமில்லீங்க சார்?" என்றார்.

வரவில்லை. மையம், ஏற்கெனவே பிரவுசிங் சென்டர்கள் இருந்த ஒரு அடிவாரத்து ஊருக்குப் போயிற்று. நான் பெட்டியைக் கட்டிய அன்றுதான் மிளகு வியாபாரி மேலே வந்திருந்தார். அவர் விலை சொன்னதும் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா மூட்டையை அவிழ்த்தார். மலையை அடுத்த நூற்றாண்டுக்குத் தூக்கிப் போக வந்தவன், பஸ் ஏறிக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கினேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் சரி, குக்கர் வாங்கினாலும் சரி, என் மனைவி கேட்கும் முதல் கேள்வி: "துலுக்கிருச்சுங்களா?"

போன மாதம் செல்லி அக்கா செல்போனில் கூப்பிட்டார். மகன் வாங்கிக் கொடுத்ததாம். பாறைமேல் ஏறி நின்றால் சிக்னல் எடுக்குமாம்.

"ஏனுங்க சார், யாவாரி வந்து நிக்கிறாருங்க. கீழ மொளகு வெல என்னங்க?"

இத்தனை வருடங்களுக்குப் பிறகு! அவசரமாகக் கம்ப்யூட்டரில் தேடி, விலையைக் கண்டுபிடித்து, "அக்கா, கேட்டுக்கங்க, கிலோவுக்கு..." என்றேன்.

லைன் அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண் குரல் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் தலை நிமிராமல் கேட்டாள்: "என்னப்பா, ஆடு இன்னும் யோசிக்குதா?"