முட்டை போடாத சேவல்

வேதகிரி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டுச் சேவலை அறுத்துக் குழம்பு வைத்துவிடுவது. இதில் மாற்றமே கிடையாது.

அவர் மாட்டுத் தரகர். உத்திரமேரூர் பக்கம் எந்த மாடு கைமாறினாலும் நடுவில் வேதகிரியின் துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். பல பேர் ஏமாற்றி, அவரும் சில பேரை ஏமாற்றி, அடிபட்டு அடிபட்டுக் கற்ற தொழில். அஞ்சு பைசா வீணானால்கூட மூக்கு சிவந்துவிடும். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு சேவல், விடியற்காலையில் கூரைமேல் ஏறிக் கத்துவதைத் தவிர வேறு வேலை பார்க்காமல், நாளெல்லாம் கம்பு தின்றுகொண்டு திரிந்தால் பொறுப்பாரா?

"இன்னாமே, இந்தச் சேவல் இதுவரைக்கும் ஒரு முட்டை போட்டுக்கீதா?"

சொக்கம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சேவல் எப்பிடியா முட்டை போடும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். போடாததுக்கு எதுக்குத் தீனி? செங்கல்பட்டு ரோட்டுல ஒருத்தன் புதுசா லெகான்னு சீமைக் கோழிப் பண்ணை வச்சிக்கீறான், போய்ப் பாத்தேன். கொட்டாய் நெறைய பொட்டைக் கோழி. களத்துல மல்லாக்கொட்டை அள்ற மாதிரி முட்டைய அள்றான். சேவல்னு பேருக்கு ஒண்ணு கெடையாது. அவன் இன்னா மடையனா?"

முறம் நின்றது.

"ஒண்ணுகூட கெடையாதா?"

"கொட்டாய் மூலை முடுக்கெல்லாம் பாத்தேன். கெடையாது."

"நல்லாப் பாத்தியா?"

"மாட்டுப் பல்ல பாக்கற கண்ணுடி இது!"

"சரி," என்று தலையை ஆட்டினாள் சொக்கம்மாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

மாடு அப்படி ஒருமுறை தலையை ஆட்டியிருந்தால் வேதகிரி உஷாராகியிருப்பார். பெண்டாட்டியாயிற்றே, விட்டுவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து வீட்டில் இருந்த கறுப்புப் பெட்டைக்கு அடை கண்டது. மூலையில் உட்கார்ந்துகொண்டு, கிட்டே போனால் இறக்கையை விரித்து உறுமியது. சொக்கம்மாள் தன் கோழிகள் போட்ட முட்டைகளைப் பானையில் சேர்த்து வைத்திருந்தாள். வேதகிரி குறுக்கே விழுந்தார்.

"நாட்டு முட்டையெல்லாம் வேணாம். லெகான் முட்டை வைப்போம். அத்தினியும் வருசம் பூரா முட்டை போடற ஜாதி. அப்பறம் இந்தச் சேவல் எதுக்கு?"

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். அங்கே முட்டை விற்கிறவன் ஏசுதாஸ். நல்ல பையன். ஒரு டஜன் கேட்டதும், "எதுக்குண்ணே?" என்று கேட்டான்.

வேதகிரிக்கு இது பழகின கேள்வி. மாடு வண்டிக்கா, ஏருக்கா என்று விசாரிப்பதே, வாங்குகிறவனுடைய அவசரம் தெரிந்து விலையை ஏற்றத்தான். அடைக்கு என்று சொன்னால் குஞ்சுக்கும் சேர்த்து விலை போடுவான். இவரா சொல்லுவார்?

"தின்னத்தாம்பா. வேற எதுக்கு?"

தின்கிற விலையிலும் கொஞ்சம் அடித்துப் பேசி, கூடையோடு திரும்பினார். வழியெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாமே! அடைக்குன்னு மூச்சு விடலையே. ஏமாந்துட்டான்!"

சொக்கம்மாள் ஒரு முட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பால் போல வெள்ளை.

"முட்டை உன்னுது. கோழி என்னுது. இன்னா வாரம், யாருக்கு எத்தினி பங்கு?"

ஊர் வழக்கம் அதுதான். ஒருவர் முட்டை, ஒருவர் கோழி என்றால் குஞ்சில் பாதிப் பாதி. ஆனால் வேதகிரி பாதிக்கு ஒத்துக்கொண்ட சரித்திரம் கிடையாது. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெண்டாட்டியின் கைமேல் போட்டார்.

"இன்னாயா இது, நான் இன்னா மாடா?"

"தொழில்னா தொழில். கைய குடு. என் முட்டையில பொரிக்கற குஞ்சு பூரா எனக்கு. அன்னிக்கே சேவல் குழம்பு."

"பொரிக்காத முட்டை?"

"அது பூரா உனக்கு!" கூமுட்டையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்ததே என்று அவருக்கு உள்ளுக்குள் குஷி.

"ஒண்ணுகூட பொரிக்கலன்னா?"

"சேவல் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டேன். போதுமா?"

துண்டுக்கு அடியில் சொக்கம்மாள் அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள். அழுத்தம் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது.

"அடை வைக்கற எடத்துக்கு ஆம்பள வரக்கூடாது. கண்ணு பட்டா கூமுட்டையாப் பூடும்."

அப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாளைக் கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "உண்டு உண்டு, ரொம்ப நாளாவே உண்டு," என்றாள். சொக்கம்மாள் கூடையில் உமி பரப்பி, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று கரித்துண்டும் மிளகாயும் ஆணியும் போட்டு, பெட்டையைத் தூக்கி வைத்து அறைக் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரம் வீட்டில் விருந்துதான். ஒருநாள் முட்டைக் குழம்பு. ஒருநாள் பொரியல். காலை நாஷ்டாவுக்கு இட்லியோடு ஆம்லெட்.

"இன்னாமே, புள்ளத்தாச்சிக்குப் போடற மாதிரி போடறே?"

"வெயில்ல அலையற உடம்பு. துண்ணுயா."

வேதகிரி உருகிப்போனார். என்ன இருந்தாலும் அவள் போல வருமா? தட்டை வழித்து நக்கினார்.

மூன்று வாரம் கழித்து, அறைக்குள் கீச்கீச்சென்று சத்தம். வேதகிரி சாஸ்திரத்தை மீறி உள்ளே பாய்ந்தார். பெட்டையின் இறக்கைக்குள்ளிருந்து சின்னச் சின்னத் தலைகள். செவலை ஒன்று, கறுப்பு ஒன்று, புள்ளி போட்டது ஒன்று.

"பண்ணையில அத்தினியும் வெள்ளையாத்தான இருந்திச்சி?"

"வளந்தா வெளுக்கும்."

"ஓடு கூட செவப்பாக் கீதே?"

"மூணு வாரம் கோழிச் சூட்டுல கெடந்தா வெள்ளை நிக்குமா? வெயில்ல சுத்தி நீ கறுக்கல?"

நியாயமாகத்தான் பட்டது. வேதகிரி வாசலுக்கு வந்து கத்தியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். சேவல் கூரைமேல் ஏறிக்கொண்டது. அப்போது பார்த்து, சைக்கிளில் முட்டைத் தட்டு கட்டிக்கொண்டு ஏசுதாஸ் அந்தப் பக்கம் வந்தான்.

"வாப்பா ஏசுதாஸு! தின்னன்னு சொல்லி வாங்கினேனே, அத்தினியும் குஞ்சு பொரிச்சிட்ச்சி! எப்பிடி?"

ஏசுதாஸ் காலை ஊன்றி நின்றான்.

"எங்க முட்டையா? பொரிக்கவே பொரிக்காதுண்ணே. எங்க பண்ணையில சேவலே கெடையாதே!"

"சேவல் இல்லன்னா இன்னா? முட்டை போடுதே!"

"போடும்ணே. குஞ்சு வராது. அடைக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சேவல் இருக்கற பண்ணையா பாத்து நானே வாங்கிக் குடுத்திருப்பேனே!"

அவன் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த முட்டைகள் கடகடத்தன. ஆண்டாளம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்தே விட்டாள்.

வேதகிரி மூக்கு சிவக்க உள்ளே போனார்.

"ஏமே! என் முட்டை எங்க?"

"பொரிக்காதது என்னுதுன்னு துண்டு போட்டு நீதான பேசின? குழம்பு வச்சேன்."

"அடையில வைக்காமயேவா?"

"வச்சி நாறடிக்கச் சொல்றியா? தின்னன்னு வாங்கின. நீயே தின்னுட்ட. பொய் சொன்ன பாவம்கூட இல்லாமப் பண்ணிட்டேன்."

"அப்போ இந்தக் குஞ்சுங்க?"

"என் கோழி, என் முட்டை. அப்பன் அதோ கூரைமேல நிக்கறான் பாரு."

சேவல் கழுத்தை நீட்டி ஒரு கூவு கூவியது. வேதகிரி கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். செவலைக் குஞ்சு ஒன்று தத்தித் தத்தி வந்து அவர் கால் விரலைக் கொத்திப் பார்த்தது. கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் தெரிஞ்சிக்கினு, முன்னாடியே சொன்னா இன்னாவாம்?"

சொக்கம்மாள் குஞ்சுகளுக்கு நொய்யை இறைத்தாள்.

"நீ கேட்டாத்தான சொல்றதுக்கு? முட்டை போடாதத வூட்டுல வச்சிக்கினு தீனி போடக்கூடாதுன்னா, மொதல்ல உன்னத்தான்யா சந்தைக்கு ஓட்டிக்கினு போயிருக்கணும்."