ஜாதகம் கேட்டு அனுப்பிய தந்தி தொடர்பாக

பெங்களூர்
21-2-1999, ஞாயிறு

அன்புள்ள மைத்துனர் சிவசங்கரன் அவர்களுக்கு, சேஷகிரி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ருக்மிணியும், என் அலுவலகம் நீங்கலாக, மற்ற எல்லா வகையிலும் சௌக்கியம். வேலூரில் அனைவரும் நலம் என்றும், மன்னியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

நேற்று நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். "என் ஜாதகம் உடனே அனுப்பவும்" என்று மட்டும் இருந்ததால், அறுபது முடிந்தவனுக்கு ஜாதகம் எதற்கு என்று நீங்கள் கலங்கியிருக்கலாம். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. ருக்மிணி உள்ளே வடாம் பிழிந்துகொண்டிருக்கிறாள். விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் மன்னிக்கவும், இப்போது எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் அதே கஷ்டம்தான்.

எங்கள் இலாகாவையும் பக்கத்துக் கட்டடத்து வாரியத்தையும் போன வருஷம் ஒன்றாக்கினார்கள். நாங்கள் பரீட்சை எழுதி வந்தவர்கள். வாரியத்துக்காரர்கள் தற்காலிகமாகச் சேர்ந்து பிறகு நிரந்தரமானவர்கள். அவர்களுடைய தற்காலிகக் காலத்தையும் சர்வீஸில் சேர்க்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது, யார் சீனியர் யார் ஜூனியர் என்ற சண்டை. டீகூட இரண்டு தடவை வருகிறது, பரீட்சைக்காரர்களுக்குப் பத்தே முக்காலுக்கு, வாரியத்துக்காரர்களுக்குப் பதினொன்றுக்கு. எந்த டீ முதலில் வரவேண்டும் என்று ஒரு மனுவும் நிலுவையில் இருக்கிறது. சீனியாரிட்டிப் பட்டியலை டைப் அடிக்கிறவர் கிளாரன்ஸ், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், எந்தப் பக்கமும் சேராதவர். அன்றைக்கு என்னிடம் சொன்னார்: "இது பதினோராவது லிஸ்ட் சார். மொத லிஸ்ட்ல இருந்த நாலு பேர் ரிடையரே ஆயிட்டாங்க. பேரை எடுத்துடட்டுமான்னு கேட்டா, எடுக்காதே, எங்க சீனியாரிட்டி போயிடும்னு வீட்லேர்ந்து போன் பண்றாங்க."

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், சூப்பரின்டென்டென்ட் இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. பட்டியலில் முதலில் நிற்பவருக்கு அது. முதலிடத்தில் இரண்டு பேர் நிற்கிறோம், நானும் வாரியத்து கோவிந்தராஜனும். இருவரும் சேர்ந்த தேதி 1-10-1963. தேதி ஒன்றானால் வயதில் மூத்தவர் சீனியர் என்பது விதி. சர்வீஸ் ரிஜிஸ்டர்படி அவர் 10-6-1941, நான் 21-6-1941. பதினொரு நாள். வருகிற ஜூன் முப்பதாம் தேதி இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெறுகிறோம், ஆகவே நாலு மாதப் பதவிதான். ஆனால் அரைக்கதவு போட்ட தனி அறை, வெளியே பெயர்ப்பலகை. நீங்கள் ஒவ்வொரு தடவையும் "என்ன மாப்பிள்ளை, இன்னும் குமாஸ்தாதானா?" என்று கேட்கும்போது நானும் சிரிக்கிறேன், அதற்கு ஒரே ஒரு தடவையாவது வேறு பதில் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

உண்மையில் நான்தான் மூத்தவன். நான் பிறந்தது வெகுதான்ய வருஷம் ஆவணி இருபதாம் தேதி, இங்கிலீஷ் கணக்கில் 1938 செப்டம்பர். பள்ளியில் சேர்க்கும்போது, பையன் ஒல்லியாக இருக்கிறான், பிற்காலத்தில் உத்தியோகத்துக்கும் உதவும் என்று ஹெட்மாஸ்டர் இரண்டே முக்கால் வருஷத்தைத் தள்ளுபடி செய்து ஜூன் 21 என்று போட்டுவிட்டார். அசல் ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. கல்யாணத்துக்கு உங்கள் வீட்டில் கொடுத்த பிரதி, மஞ்சள் தடவியது, உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும்.

ஆட்சேபணை மனுக்களை ரிஜிஸ்டரில் ஏற்றும் பொறுப்பு யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? அதே கோவிந்தராஜனிடம். மர்பி டவுன்காரர், இருபது வருஷமாக நாங்கள் ஒரே பஸ். முதல் தடவை என் மனுவை முழுக்கப் படித்துவிட்டு, "மார்ஜின் ரெண்டு விரக்கடை விடணும் சார், ஒண்ணரைதான் விட்டிருக்கீங்க" என்று திருப்பிவிட்டார். அளந்து பார்த்தேன், ஒன்றரைதான். மறுபடி எழுதி, அத்தாட்சியாக என் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையையும் இணைத்தேன். போன ஆவணியில் அவரே வந்து இலை போட்டுச் சாப்பிட்டவர் என்பதையும் மூன்றாம் பாராவில் குறிப்பிட்டிருந்தேன். பத்திரிகையைப் பார்த்ததும் சட்டென்று மையொற்றும் பிளாட்டருக்கு அடியில் கவிழ்த்துவைத்து, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இது உங்க கிருகப்பிரவேசப் பத்திரிகை சார், மாத்தி வெச்சிட்டீங்க" என்றார். எனக்கு ஏது கிருகம்? இருபத்துமூன்று வருஷமாக வாடகை வீடு. "இல்லை, அது என்னுடைய அறுபதாம்..." என்று ஆரம்பித்தேன். "அன்னிக்குப் பாயசம் இருக்கே, அடடா! கிளாரன்ஸ், நீ வரலியே!" என்று கத்திப் பேச்சை அடித்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன், சார். (உங்களை சார் என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.)

வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை போனேன். மனுவை வாங்கி மேஜைமேல் வைத்து, அதன்மேல் ஒரு டம்ளர் காபி முழுவதையும் கவிழ்த்தார். ஒரு பேப்பரில் மைகூடச் சிந்தாத மனுஷர்! "சாரி சார், கை தவறிடுச்சு. ஈரப் பேப்பரை ரிஜிஸ்டர்ல ஏத்த ரூல் இல்ல. பேட சார், வேணாம், விட்டுடுங்க. நாலு மாசம் நிம்மதியா இருந்துட்டுப் போங்களேன்." எனக்குக் கோபம் வந்தது. "நீங்கள் செய்வது எனக்குச் சற்று வருத்தமாக இருக்கிறது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டேன். இனி அடுத்த பஸ்ஸில்தான் போவேன்.

ஆகவே ஜாதகத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பவும். அறுபதாம் கல்யாணத்துக்கு நேரில் வந்திருந்தீர்கள் என்று ஒரு கடிதமும் வைக்கவும். மனு கொடுக்கக் கடைசித் தேதி இம்மாதம் 26. கோவிந்தராஜனைத் தாண்டி, மேலதிகாரி கையில் நேராகக் கொடுத்துவிடப்போகிறேன்.

மன்னிக்கு என் நமஸ்காரம். பரீட்சை எழுதப்போகும் உங்கள் பேத்தி சிந்து நல்ல மார்க் வாங்கி, பிறந்த தேதி சரியாகவே பதிவான ஓர் உத்தியோகத்தில் அமர என் ஆசிகள். ருக்மிணியிடம் இதுவரை எதையும் சொல்லவில்லை, பெயர்ப்பலகையைக் காட்டித்தான் சொல்ல நினைத்தேன். வழக்கம்போல அவள் உங்களுக்கு நாலு வரி எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சேஷகிரி

பின்குறிப்பு: ருக்மிணி படித்தாள். எழுதவில்லை. "ஏன்னா, அறுபது ஆயிடுத்துன்னு நீங்களே சர்க்காருக்கு எழுதிக் குடுத்தா, ஐம்பத்தெட்டு எப்போ ஆச்சுன்னு அவா கேக்கமாட்டாளா?" என்றாள். எங்களுக்கு ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. பென்சிலால் போட்டுப் பார்த்தேன். ஜாதகப்படி நான் 30-9-1996 அன்றே ஓய்வு பெற்றுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நாலரை மாதமாக, ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல், ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறேன். இது வெளியே வந்திருந்தால் பென்ஷன் என்னவாகியிருக்கும்? அந்த ஹாலில் இரண்டு பக்கத்து ஆட்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கோவிந்தராஜன் இதை என்னிடம் வேறு எப்படித்தான் சொல்லியிருப்பார்? எனக்கல்லவா புரிந்திருக்கவேண்டும்.

ஜாதகத்தை அனுப்பவேண்டாம். தந்தியைக் கிழித்துவிடவும். பெட்டியில் ஜாதகத்தை இன்னும் கொஞ்சம் அடியில் வைக்கவும். அடுத்த தடவை பார்க்கும்போது நீங்கள் வழக்கமான கேள்வியையே கேட்கலாம், பதிலும் வழக்கமானதுதான். நாளைக் காலை எங்கள் பழைய பஸ்ஸிலேயே போகிறேன். கோவிந்தராஜன் பெயரை முதலில் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மார்ஜின் இரண்டு விரற்கடைக்குக் கொஞ்சம் அதிகமாகவே விட்டிருக்கிறேன்.