ஏழு நிமிட மலை அணில்

ராஜபாளையம் வேல்பாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் அவர் போட்ட சத்தத்துக்கு ஒரு படையே நின்றதாம். அவரே சொல்வார். வீட்டில் அவர் சத்தத்துக்கு மிக்ஸி கூட நிற்பதில்லை. மனைவி யுவராணி அரைத்து முடித்த பிறகுதான் என்ன என்று கேட்பாள். இந்தக் குறை அவரை உள்ளூர அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு டி.வி. சேனல், உள்ளூர் வனவிலங்கு பற்றி ஏழு நிமிடப் படத்துக்குத் திட்டம் கேட்டு அறிவிப்புப் போட்டது. வேல்பாண்டி அன்றே முடிவெடுத்துவிட்டார். படம் மலை அணிலைப் பற்றி. நடுவில் நின்று பேசப்போவது அவரே. ஊரே தன்னை டி.வி.யில் பார்த்து மூக்கில் விரல் வைக்க வேண்டும். ஒரு வரி எழுதும் முன்பே முன்னாள் ராணுவத்தினர் சங்கம் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. இனி பின்வாங்கினால் மானம் கப்பலேறிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டு அணில்கள், வத்திராயிருப்பில் இருக்கும் யுவராணியின் அண்ணன் வீரணனின் மாந்தோப்புக்கு வருவதுண்டு. அவள் பிறந்து வளர்ந்த இடம் அது.

“அது எப்ப வரும், எங்க கூடு கட்டும், எல்லாம் எனக்குத் தெரியும். நானும் ரெண்டு வார்த்தை பேசுதேனே” என்றாள்.

“ஏட்டி, இது வனவிலங்குப் படம். கோலப்போட்டி இல்ல.”

யுவராணி அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் போனால் பயப்பட வேண்டும் என்பதைப் பட்டாளத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

பன்னிரண்டு பக்கத் திட்டம் சேனலுக்குப் போனது. அங்கே நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் பியூலா போனில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கான படம், முதல் நிமிடத்திலேயே ஆளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள்.

“சார், உங்க திட்டத்துல அணில் எத்தனாவது நிமிஷம் வருது?”

“ஆறாவது நிமிஷம்.”

“அது வரைக்கும்?”

“நான் வாரேன்.”

 எடுப்பதை எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம் என்றாள் பியூலா.

தோப்பில் முகாம் போட்டார்கள். பழைய பட்டாளச் சட்டைக்குள் வேல்பாண்டியின் வயிறு பாதிதான் போனது. தொப்பியில் மாங்கொழுந்து செருகிக்கொண்டார். கூடவே வெள்ளை நாய் சிப்பாய். ராஜபாளையத்துக்காரன் எடுக்கிற படத்தில் ராஜபாளையம் நாய் இல்லாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா? அணில் பார்க்க நாயோடு போவார்களா என்று வீரணன் கேட்டுப் பார்த்தார். சிப்பாய்க்கு ஒழுக்கம் உண்டு என்று பதில் வந்தது.

யுவராணிக்குத் தனி உத்தரவு. “தோப்பே பத்தி எரிஞ்சாலும் வாயத் தொறக்கக் கூடாது.”

“சரிங்க.”

மூன்று நாள் கேமராவோடு குப்புறப் படுத்து எதிரே இருந்த புளியமரத்தையே பார்த்தார். சிப்பாய் காக்கையைப் பார்த்துக் குரைத்தது, விழுந்த இலையைப் பார்த்துக் குரைத்தது, எதையும் பார்க்காமலும் குரைத்தது. சட்டைக்குள் கட்டெறும்பு புகுந்தபோது ஹவில்தார் ஆடிய ஆட்டத்தில் தொப்பி பறந்தது. யுவராணி மோட்டார் ரூம் படியில் போனும் கையுமாக, உத்தரவுப்படி மௌனமாக உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு அணிலும் வரல” என்று மூன்றாம் நாள் சாயங்காலம் மூட்டை கட்டினார். அழுகையே வந்துவிட்டது.

“வந்துச்சே. மூணு நாளும் வந்துச்சு. ஒங்க தலைக்கு நேர் மேல கொப்புல உக்காந்து ஒங்களையேதான் பாத்துச்சு.”

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

“வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய. போன்ல எடுத்து வச்சிருக்கேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. அதையும், தான் எடுத்ததையும் சேர்த்து அனுப்பிவிடச் சொன்னார். அவள் எடுத்ததைப் பார்க்கவில்லை. பெண்பிள்ளை எடுத்ததில் பார்க்க என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம். படம் தேர்வானதாகப் பியூலா சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

“நான் இருக்கேனாம்மா?”

“ஏழு நிமிஷமும் நீங்க இருக்கீங்க சார்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கத்துக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வேல்பாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

திரையில் ஒரு மாங்கொப்பு. அதில் சாம்பல் நிறத்தில் பெரிய அணில், நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி மாங்காயைக் கடித்துக்கொண்டிருந்தது. பியூலா கேட்டு, யுவராணி பேசி அனுப்பியிருந்த குரல் ஒலித்தது. ஒரே அணில் பல கூடு கட்டும், மரத்துக்கு மரம் தாவும், தரைக்கு வருவது அபூர்வம் என்று நிதானமாகச் சொன்னது. மேலே இருந்தே எல்லாவற்றையும் கவனிக்கும் என்றது.

அணில் கீழே பார்த்தது. படமும் கீழே பார்த்தது.

அங்கே தலையில் கொழுந்தோடு ஹவில்தார் ஊர்ந்தார். எறும்புக்கு ஆடினார். வாயைப் பிளந்து தூங்கினார். கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேல்பாண்டிக்குக் காது மடல் வரை சுட்டது. யுவராணியைத் தேடினார். அவள் எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டி.வி.யில் அவள் குரல் படத்தை முடித்து வைத்தது.

“அணிலு மூணு நாளாக் கவனிச்ச இந்தப் பிராணி, பாக்கத்தான் முரடு. யாரையும் ஒண்ணும் செய்யாது. பசிச்சா தானா வீட்டுக்கு வந்துரும்.”