வாளியில் குறை ஒன்றுமில்லை

நேர்முகப் பரீட்சைக்குத் தயாராகிறவர் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. வேலை தேடுகிறவர் வேறு, இவர் வேறு. அவசரப்பட்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேலை தேடுகிறவருக்கு வேலை கிடைத்தால் போதும். இவருக்கோ உலகத்தில் ஒரு கேள்விகூடத் தன்னிடமிருந்து தப்பிவிடக் கூடாது. பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஃபைலை அணைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து "குட் மோர்னிங் சேர், குட் மோர்னிங் மேடம்" என்று ஒருவர் முணுமுணுத்தால், பயந்து எழுந்து இடம் மாறிவிடாதீர்கள். அவர் யாரையும் கடிக்க மாட்டார்.

சந்தேகம் இருந்தால் ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றில் இருந்த விஜேந்திரனைப் பாருங்கள். வயது இருபத்தைந்து. உயர்தரத்தில் வர்த்தகம் படித்துப் பாஸ் பண்ணியவன். மூன்று நேர்முகப் பரீட்சைகளில் தோற்றவன், ஆனால் மூன்றுக்கும் பூரணமாகத் தயாரானவன். 2007ஆம் ஆண்டு நாலாவதாக ஒரு கடிதம் வந்தது. கொழும்பில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற கம்பனி ஒன்று, புரொடக்ட் மெனேஜ்மன்ட் ட்ரெய்னி வேலைக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தது.

"அது என்னா வேல?" என்று கேட்டார் அம்மா மருதாயி.

தங்கை அனுஷியா பேப்பர் விளம்பரத்தை எடுத்துப் படித்தாள். "ஒரு சாமான வாங்குறவங்களுக்கு அதுல என்னா கஷ்டம்னு கண்டுபுடிச்சி, கம்பனிக்குச் சொல்லி, அத சரி பண்ண வைக்கிற வேலையாம்மா."

"ஹரி, ஹரி, வெளங்குது. அந்தத் தலைநகரங்கள் லிஸ்ட்ட எடு" என்றான் விஜேந்திரன்.

மருதாயி முப்பது வருடமாக றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அந்த வருடம் அவருடைய முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், மலை இறங்கும்போது மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. மகனுக்கு இந்த வேலை கிடைத்தால் அவர் வாளியை இறக்கி வைத்துவிடலாம். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் மூன்று பேருக்கும் இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

ஆகவே தயாரிப்பு ஆரம்பமாயிற்று. பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பின் நான்கு பிரதிகள், சமாதான நீதவான் ஒப்பமிட்ட பரீட்சைப் பெறுபேறுகள், கிராம சேவகர் கொடுத்த நற்சான்றிதழ், ஐந்தாம் வகுப்பில் சாக்கோட்டத்தில் மூன்றாம் இடம் வந்ததற்கான அட்டை, எதற்கும் இருக்கட்டும் என்று செத்துப்போன அப்பாவின் தோட்டத்து வேலைத் துண்டு, எல்லாம் ஃபைலுக்குள் போயின. சிரிக்காதீர்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் கொழும்புக்குப் போக வழியில் எத்தனை இடத்தில் இறங்கி எத்தனை பேருக்குத் தன்னை யாரென்று நிரூபிக்க வேண்டியிருந்தது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் சாக்கோட்ட அட்டையை எந்தச் சிப்பாயும் கேட்டதில்லை.

அதன்பிறகு பொது அறிவு. மகாவலியின் நீளம் எவ்வளவு? அமைச்சர்கள் எத்தனை பேர்? அது வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் பார்த்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கேகாலை நடைபாதையில் வாங்கிய ஒரு புத்தகத்திலிருந்து ஆங்கில விடைகளை மனப்பாடம் செய்தான். பின்னேரங்களில் அனுஷியா, பழைய வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மெனேஜராகிவிடுவாள்.

"ஒங்ககிட்ட உள்ள குறை என்னா?"

"அளவுக்கு மிஞ்சி உழைக்கிறதுதாங்க மேடம் என் குறை."

"பொய். கெணத்தடியில இருந்து ஒரு கொடம் தண்ணி தூக்கியிருக்கியா?"

"மெனேஜர் அப்பிடிக் கேக்க மாட்டாருடி!"

சனிக்கிழமை பகல் மருதாயி நேரத்தோடு வீடு வந்துவிட்டார். சேலையிலும் சட்டையிலும் றப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு கையில் வாளி, மறு கையில் அதன் கம்பி. இறக்கத்தில் வரும்போது கைப்பிடி பிய்ந்து, விடியற்காலையிலிருந்து சேர்த்த பால் முழுவதும் மண்ணோடு போயிருந்தது. உள்ளங்கையில் கம்பி கிழித்த காயம்.

விஜேந்திரனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! வாளியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கத்தினான்.

"இத செஞ்சவன் ஒரு நாளாவது பால் தூக்கியிருப்பானா? கம்பி மாட்டுற காதப் பாருங்க, கடுதாசி கனம்தான் இருக்கு. பதினஞ்சு கிலோ பால ஊத்திகிட்டு எறக்கத்துல வந்தா அறுந்துதான் போகும். கம்பிக்கு ஒரு குழாய் மாட்டியிருந்தா அம்மா கை வெட்டுப்படுமா? அடி சின்னதா இருக்கு, கல்லு மேல வச்சா சாயுது. மூடியும் இல்ல, மழ வந்தா பால் கெட்டுப்போயிரும்!"

கத்தியதோடு நிற்கவில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடிக்குச் சுற்றினான். காதுக்குக் கீழே வேறு துளை போட்டு, தகரத்துண்டு வைத்து முறுக்கினான். ஒரு மணித்தியாலத்தில் கம்பனி செய்ததைவிட நல்ல வாளி ஒன்று அந்த வாசலில் நின்றது. அனுஷியா அதைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க பாரு. அடியில போட்டிருக்கிற பேரு. நீ செவ்வாக்கெழம போற கம்பனிதான்!"

விஜேந்திரனின் முகம் வெளுத்துவிட்டது.

"நல்லவேள சொன்ன. வாய் தவறி இத அங்க சொல்லியிருந்தா என்னா ஆகியிருக்கும்?"

அன்றிலிருந்து தயாரிப்பில் ஒரு பாடம் கூடியது. வாளியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே காத்திருந்த பிறகு அவனை உள்ளே கூப்பிட்டார்கள். ஃபைலை யாரும் திறக்கவில்லை. மகாவலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் இரண்டு ஆண்களும் நடுவில் ஸாஹிரா என்ற மேடமும் இருந்தார்கள். மேடம் குனிந்து, காலடியிலிருந்து ஒரு புது வாளியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இது எங்கட வாளி. முந்தி தோட்டப் பக்கம் நல்லா வித்துப் போன. இப்ப போறல்ல. ஏன் எண்டு எங்களுக்கு விளங்குதில்ல. நீங்க தோட்டத்துல இருந்து வார ஆள். இதுல என்ன குறை?"

உலகத்தில் எத்தனை கோடிக் கேள்விகள் இருக்கின்றன! அத்தனையையும் விட்டுவிட்டு, கொழும்பில் அன்று அவன் ஒருவனுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி அவன் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. காது, குழாய், அடி, மூடி, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. அம்மாவின் உள்ளங்கையும் ஞாபகம் வந்தது.

"குறை ஒன்னுமில்லைங்க மேடம்" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான்? தோட்டத்தில் பிறந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். தோட்டத்தை நடத்தும் துரை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்து "என்னா, குறை இருக்கா?" என்று கேட்டால் ஊரே ஒரே குரலில் "ஒன்னுமில்லைங்க தொரை" என்னும். ஜீப் வளைவில் மறைந்த பிறகுதான் குழாயில் தண்ணீர் வராதது ஞாபகம் வரும். ஒரே ஒரு தடவை, விஜேந்திரனின் அப்பா காத்தமுத்து மட்டும் கூரை ஒழுகுகிறது என்று சொன்னார். துரை அன்பாகச் சிரித்து, கொப்பியில் எழுதிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து காத்தமுத்துவுக்கு யாரும் விரும்பாத உச்சி மலை வேலை. கூரை அதற்குப் பிறகும் ஒழுகியது.

"ஒண்டுமே இல்லையா?" என்றார் மேடம்.

"நிறம் ரொம்ப நல்லா இருக்குங்க மேடம்."

"உங்கட வீட்டுல ஆராவது பாவிக்கிறாங்களா?"

"அம்மா பாவிக்கிறாங்க. ரொம்ப சந்தோஷமா பாவிக்கிறாங்க."

"பயப்படாம சொல்லுங்க தம்பி" என்று மேடம் அன்பாகச் சிரித்தார். கையில் பேனை இருந்தது, முன்னால் கொப்பி இருந்தது. அதைக் கண்டதும் அவனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது. எழுந்து, மூன்று பேருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

பஸ் அவிசாவளை தாண்டியதும் வாய் திறந்துகொண்டது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதருக்கு அந்த வாளியின் நாலு குறைகளையும் சிங்களத்தில் ருவான்வெல்லை வரைக்கும் விளக்கினான். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவரிடம் கொடுக்க வேலை ஒன்றும் இல்லை.

இரண்டு கிழமையில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. மறுநாள் காலை மருதாயி சைக்கிள் டியூப் சுற்றிய வாளியைத் தூக்கிக்கொண்டு, மரத்துக்கு மரம் பிடித்தபடி மலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற விஜேந்திரனுக்கு அழுகை வந்தது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. எமது நேர்முகப் பரீட்சையில் நீங்கள் கண்ட குறைகளைத் தயவுசெய்து எழுதி அனுப்பவும் என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள்.

"ரெண்டு மணி நேரம் நிக்க வச்சாங்க, ஒரு கதிர இல்ல, ஒரு மொடக்குத் தண்ணி இல்ல" என்று குமுறினான்.

"அதத்தானேண்ணே கேக்குறாங்க. எழுது" என்றாள் அனுஷியா.

விஜேந்திரன் பேனையை எடுத்து, அழகான கையெழுத்தில் எழுதினான். குறைகள் எதுவும் இல்லை. நன்றி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன கிழமை சாப்பாட்டுக் கடையில் வாய்க்குள் கல்லை ஒதுக்கி வைத்துக்கொண்டு, முதலாளி "சாப்பாடு எப்பிடிங்க?" என்று கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு நாள் நாம் கடைத்தெருவில் சந்திப்போம். இதை வாசித்ததாக நீங்கள் சொல்வீர்கள். இதில் என்ன குறை என்று நான் கேட்பேன், அன்பாகத்தான் கேட்பேன். நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரியும். நான் வளைவில் மறைந்த பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லப்போவதுதான் தெரியாது.